புதுப்பிப்பு: ஃபில்டரில் கண்ட கறுப்புத் துணுக்குகள்

விமான இன்ஜினின் 50 மணி நேர ஆயில் மாற்றத்தில், வெட்டிப் பார்த்த ஆயில் ஃபில்டரின் மடிப்புகளில் நாலைந்து கறுப்புத் துணுக்குகள் இருந்தன, பறக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரும்புத் துகளா என்று காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள், ஒன்றுகூட ஒட்டவில்லை. நகத்தால் அழுத்தியதும் பொடிந்துவிட்டன. வெறும் கரி! மெக்கானிக்கும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். சம்ப்பிலுள்ள (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) சல்லடையும் சுத்தம் (அதை நான் மறந்தே போயிருந்தேன், நினைவூட்டியவருக்கு நன்றி).

படுத்தியெடுத்தது, புது ஃபில்டர் கழன்றுவிடாமல் கட்டும் பாதுகாப்புக் கம்பிதான். ஃபில்டர் இறுகும் திசையில் அது இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் இரண்டு முறை எதிர்ப்பக்கமாகக் கட்டி வெட்டியெறிந்தேன். மூன்றாவது முறை சரியாக அமைந்தது. தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம், கசிவில்லை. நாளை பறக்கிறேன்.