பிடித்து வைத்திருக்கும் சான்றிதழ்களை மீட்பது எப்படி?

திருமங்கலம் பக்கம் இருக்கிறோம். ஒரு பக்திக் குழுவில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, போன தை மாசம் நானும் தங்கச்சியும் வெளியே வந்துவிட்டோம். சேரும்போது "உலகப் பற்றை விடணும்" என்று பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், டிசி எல்லாம் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள். நாங்களே எங்கள் கையால் கொடுத்தோம். அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. அங்கே அம்மாவோடு போனில் பேசக்கூடப் பெரியவரிடம் அனுமதி கேட்கணும்.

மூன்று தடவை நேரில் போனோம், வாசல் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. பதிவுத் தபால் வாங்காமல் திரும்பி வந்தது. ஸ்டேஷனில் "நீங்களாத்தானே கொடுத்தீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். படித்த பள்ளியில் நகல் கேட்டால், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் சான்று வேண்டுமாம். தொலைந்துபோச்சு என்று பொய் எழுத மனசு வரவில்லை. இருக்கிற இடம் தெரியுமே. தங்கச்சி நர்சிங் சேர அடுத்த மாசம் ஒரிஜினல் காட்டணும்.

மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும் என்பது தெரியும். அந்த வழியில் இப்படிச் சான்றிதழை மீட்டவர்கள் இருந்தால், முதலில் என்ன மனு கொடுத்தீர்கள்?