காஸ்வேயா, ஸ்மார்ட்டா? நுண்ணோவியத்தில் யார் பெரியவர்?

தென்றல்:
ஆங்கில நுண்ணோவியம், அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு உருவப்படம் என்றால் உடனே ரிச்சர்ட் காஸ்வே (1742–1821) பெயரைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவர் வரைந்த பெண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: அதே பெரிய கண்கள், அதே நீண்ட கழுத்து, பின்னால் அதே நீல வானம். பெயரை மறைத்துவிட்டால் யார் யாரென்று தெரியாது. அவர் காலத்தவரான ஜான் ஸ்மார்ட் (1741–1811) கண்ணோரச் சுருக்கத்தையும் தாடைக்குக் கீழே தொங்கும் சதையையும்கூட விடாமல் வரைந்தார். அவர்தான் பெரியவர்.

வெண்தூரிகை:
முகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், தந்தத்தையும் பாருங்கள். 1700 வாக்கில் வெனிஸின் ரோசால்பா கரியேரா தந்தத் தகட்டில் வரையத் தொடங்கிய நாளிலிருந்தே ஒரு சிக்கல் உண்டு: அந்த வழுவழுப்பில் நீர்வண்ணம் எளிதில் பிடிக்காது. பலர் புள்ளி புள்ளியாக வைத்து முழுப் பரப்பையும் மூடினார்கள். காஸ்வே வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மெல்லிய கோடுகளாக இழுத்தார். நெற்றியிலும் கன்னத்திலும் தந்தமே தோலாக ஒளிரும். ஸ்மார்ட்டிடம் அந்த ஒளி எங்கே? வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளில் ஆட்சிப் பொறுப்பேற்ற நான்காம் ஜார்ஜ், 1785-இல் காஸ்வேயைத் தம் தலைமை ஓவியராக்கியது காரணமில்லாமல் அல்ல.

தென்றல்:
அரண்மனைத் தயவு கலைக்குச் சான்றாகாது. இளவரசர் விரும்பியது அழகு. காஸ்வே அதைத் தாராளமாகக் கொடுத்தார்.

கடல்நுரை:
சென்னைக்காரன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அதே 1785-இல் ஸ்மார்ட் சென்னைக்குக் கப்பலேறினார். பத்தாண்டுகள் இங்கேயே தங்கினார். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவை வரைந்திருக்கிறார். அக்காலப் படங்களின் ஓரத்தில் தம் இரண்டு முதலெழுத்துகள், ஆண்டு, கூடவே இந்தியாவைக் குறிக்கும் ‘I’ என்ற எழுத்து. இத்தனை ஒழுங்கோடு வேலைசெய்த மனிதரை இரண்டாம் வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெண்தூரிகை:
ஒழுங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 1755-இல், இருவரும் சிறுவர்களாக இருந்தபோது, கலைக் கழகம் நடத்திய ஓவியப் போட்டியிலேயே காஸ்வே முதலிடம், ஸ்மார்ட் இரண்டாமிடம்.

தென்றல்:
பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியை வைத்தா ஒரு வாழ்நாளை எடைபோடுவது?

வெண்தூரிகை:
சரி, அதை விடுங்கள். இளவரசர் தாம் காதலித்த மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டுக்குத் தம் ஒற்றைக் கண்ணை மட்டும் வரைவித்து அனுப்பினார். வரைந்தவர் காஸ்வே என்பார்கள். மூக்கு இல்லை, வாய் இல்லை. கண்ணைக் கொண்டே ஆளை அறிய வேண்டும். அவரையா எல்லா முகமும் ஒன்று என்கிறீர்கள்?

தென்றல்:
அந்தக் கண் யாருடையது என்று மரியாவுக்கு முன்பே தெரியும். அங்கே பாதி வேலையை அவருடைய நினைவு செய்துவிட்டது. ஸ்மார்ட் வரைந்த சென்னை அதிகாரிகளில் ஒருவரைக்கூட நாம் கண்டதில்லை. ஆனாலும் அவரைக் கூட்டத்தில் பார்த்தால் அடையாளம் சொல்லிவிடலாம்.