1929-ல அசையாத கேமரா, 1933-ல எப்படிப் பறந்துச்சு?

மாடிவீட்டு மைனர்:
நேத்து ராத்திரி ‘தி பிராட்வே மெலடி’ பார்த்தேன். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கின முதல் பேசும் படமாச்சேன்னு ஆசையா உட்கார்ந்தா, மேடையில ஆட்டம் நடக்குது, கேமரா அரசமரத்தடிப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருக்கு. இன்னிக்கு ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ போட்டேன். வரிசையா நிக்கிற பொண்ணுங்க கால் இடுக்குல கேமரா புகுந்து போகுது! நாலு வருஷத்துல அப்படி என்னய்யா ஆச்சு?

பூம்மைக்:
சினிமா சவுண்ட்ல 22 வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன். அப்போ கேமரா ஓடுற சத்தம் மைக்ல விழுந்துடும். அதனால கேமராமேனோட சேர்த்து அதை ஒரு கூண்டுக்குள்ள அடைச்சுட்டாங்க. கண்ணாடி வழியாத்தான் படம் பிடிக்கணும். உள்ளே இருக்கிறவன் புழுக்கத்துல வெந்துபோவான். கூண்டு எங்கேர்ந்து பறக்கும்?

விடை நீங்க நேத்துப் பார்த்த ‘பிராட்வே மெலடி’யிலயே இருக்கு. அதுல ‘வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்’னு ஒரு ஆட்டம். எடுத்தது திருப்தியா இல்லை, மறுபடி எடுக்கணும்னாங்க. ஆனா ஒலி நல்லாவே இருந்துச்சு. ஒலிப்பதிவைக் கவனிச்ச டக்ளஸ் ஷியரர், அந்தப் பதிவையே ஸ்பீக்கர்ல ஓடவிட்டு ஆடச் சொல்லிட்டார். மைக்கே வேண்டாம்னா கேமரா எவ்வளவு கத்தினா என்ன? நம்ம பாட்டு ஷூட்டிங்ல நாகரா டேப் மெஷின்ல பாட்டை ஓடவிட ‘நாகரா ஆன்’னு குரல் கொடுப்போமே, அதே சமாச்சாரம்தான்.

பழைய ரீல்:
பூம்மைக் அண்ணே, எல்லாப் பெருமையும் உங்க டிபார்ட்மென்ட்டுக்கேவா? ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ ஆட்டங்களை அமைச்ச பஸ்பி பெர்க்லின்னு ஒருத்தர் இருந்தாரே! முதல் உலகப்போர்ல ராணுவத்துல அணிவகுப்பு பழக்கினவர். அந்தக் கண்ணாலதான் நடனத்தையும் பார்த்தார். உச்சியிலேர்ந்து எடுத்தா பொண்ணுங்க பூக்கோலமா விரிவாங்க. ‘கோல்ட் டிகர்ஸ் ஆஃப் 1933’ல நியான் விளக்கு வெச்ச வயலின்களோட ஒரு ஆட்டம் வரும், விடாதீங்க. அதை எடுக்கும்போதுதான் லாங் பீச் பூகம்பம், 1933 மார்ச் 10.

மாடிவீட்டு மைனர்:
அடேங்கப்பா! சரி, ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ கடைசி சீன் கவனிச்சீங்களா? உயிரைக் கொடுத்து நாடகத்தை அரங்கேத்தின டைரக்டர், தியேட்டருக்கு வெளியே இரும்புப் படியில தனியா உட்கார்ந்திருக்கார். “எல்லாம் அந்தப் புதுப்பொண்ணுதான், இவருக்குச் சும்மா பேரு”ன்னு பேசிக்கிட்டே கூட்டம் கலையுது.

பூம்மைக்:
அந்தப் படி எனக்கும் பழக்கம்தான் தம்பி. டைரக்டரையாவது திட்டவாவது ஞாபகம் வெச்சிருக்காங்க.