கம்பு மாவு கசந்தால் குற்றம் யாருடையது? சேலம் இயற்கை அங்காடிகள் பற்றி ஒரு விவாதம்

மாம்பழக்காரி:
அஸ்தம்பட்டிப் பக்கம், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் இயற்கை அங்காடி இருக்கிறது. பெயர் வேண்டாம். போன வாரம் அங்கே அரைக் கிலோ கம்பு மாவு வாங்கினேன். அன்று இரவே கூழ் காய்ச்சினால் வாயில் வைக்க முடியாத கசப்பு. மறுநாள் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கசக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். அதன் பிறகு சொன்னதுதான் வேடிக்கை: "இது மருந்து கலக்காத மாவு அம்மா, இப்படித்தான் இருக்கும். உங்கள் நாக்கு சூப்பர் மார்க்கெட்டுக்குப் பழகிவிட்டது." பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

பாக்கெட்டில் கடையின் பெயரும் விலையும் ஒட்டியிருந்தன. என்றைக்கு அரைத்தார்கள், என்றைக்குக் கட்டினார்கள் என்று ஓர் எழுத்துகூட இல்லை. இயற்கைப் பொருள் வாங்கப் போனால் காசும் கொடுத்து வசவும் கேட்க வேண்டுமா?

கொண்டலாம்பட்டி ரவுண்டானா:
எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் வாங்குகிறேன். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மறுக்கவில்லை. ஆனால் 2020 ஊரடங்கில் பெரிய கடைகளெல்லாம் கதவைச் சாத்தியிருந்தபோது, தன் டிவிஎஸ் எக்செல்லில் அரிசியும் பருப்பும் ஏற்றி வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர் அவர். அதுவும் சேவைதானே?

இன்னொன்று. வெல்லம் வெள்ளை வெளேரென்று வேண்டும் என்று கேட்பவர்களிடம், தன்னிடம் அது கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். ஓமலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சர்க்கரை மூட்டைகளையும் ஹைட்ரோஸையும் பிடித்த செய்தி நாளிதழ்களில் எத்தனை முறை வந்துவிட்டது! வெல்லத்தை வெளுக்கச் சேர்க்கும் ரசாயனம்தான் அந்த ஹைட்ரோஸ். வருகிற வியாபாரத்தைத் தள்ளிவிடுகிறவரை மரியாதை தெரியாதவர் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

கம்பு மாவு கசப்பதும் இயல்புதான். கம்பில் எண்ணெய்ச் சத்து அரிசி, கோதுமையைவிட அதிகம். அரைத்த பிறகு அந்த எண்ணெய் சிதைந்து காறத் தொடங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை:
ரவுண்டானா ஐயா, உங்கள் கடைசிப் பத்தி உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. சீக்கிரம் கெட்டுப்போகும் மாவு என்றால் தேதி போட வேண்டிய அவசியம் கூடுமா, குறையுமா?

உணவுப் பொட்டலத்தில் தயாரித்த அல்லது கட்டிய தேதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளும், எடையும், அதிகபட்ச சில்லறை விலையும், யார் கட்டினார் என்ற முகவரியும் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகளும் சொல்கின்றன. "திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(47)-ஐப் பாருங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் தராமலிருப்பதும் முறையற்ற வணிகம். பில் கொடுக்காமலிருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஊரடங்கில் அரிசி கொண்டுவந்து வைத்தார், நல்ல மனிதர், வணங்குகிறேன். அந்தப் புண்ணியத்தை இந்த மாவின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

மரச்செக்கு:
நானும் இதே தொழிலில் இருக்கிறேன், ஆத்தூர் ரோட்டில் சின்னக் கடை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் சில விஷயங்கள் புரியும்.

தினை மூட்டையைப் பிரித்துச் சில வாரம் ஆனால் அந்துப்பூச்சி நூல் கட்டத் தொடங்கும். கையை விட்டால் மணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். பெரிய கிடங்குகளில் பூச்சியைக் கொல்லும் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடிவிடுவார்கள். நாங்கள் மொட்டை மாடியில் சாக்கை விரித்துக் காயவைத்து, சலித்து, வசம்புத் துண்டு போட்டுக் கட்டுகிறோம். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. ஒரு வண்டு தெரிந்தால் போதும், வாடிக்கையாளர் படம் பிடித்துத் தெருவுக்கே அனுப்பிவிடுகிறார்.

விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு நிலக்கடலைப் பருப்பு இரண்டேகால் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். பருப்பு விலையைப் பெருக்கிப் பாருங்கள். செக்குக் கூலி, மின்சாரம், பாட்டில் எல்லாம் அதற்கு மேல். இதைவிடக் குறைந்த விலைக்குச் "செக்கு எண்ணெய்" தருகிறேன் என்பவரிடம் வாங்கிவிட்டு, எங்களைக் கொள்ளைக்காரர் என்றால் என்ன செய்வது?

திறந்த பொட்டலத்தை நான் திரும்ப எடுப்பதில்லை. முக்கால் பாட்டில் எண்ணெயைத் தீர்த்துவிட்டு, அடியில் கசடு இருக்கிறது, மாற்றிக் கொடு என்று வந்து நின்றவர்கள் உண்டு. கசடு இருந்தால்தான் ஐயா அது செக்கு எண்ணெய்!

மாம்பழக்காரி:
திறக்காமல் மாவு கசக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொட்டலத்தை வெளியிலிருந்து நக்கிப் பார்க்க வேண்டுமா?

வெள்ளிக்கொலுசு:
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மாவு, எண்ணெய் எல்லாம் இருக்கட்டும். என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். எங்கள் பகுதிக் கடையில் கருப்புக் கவுனி அரிசி வாங்கப் போனவரிடம், மூன்று வேளையும் இதையே சாப்பிட்டால் மாத்திரையை மெல்ல மெல்ல விட்டுவிடலாம் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாமியாரும் நம்பி, காலை மாத்திரையை எங்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். மயக்கம் வந்து விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கவுனி நல்ல அரிசி. நிறமி இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, பொங்கல் வைத்தால் ருசியாகவும் இருக்கிறது. ஆனாலும் அது அரிசி. அதிலும் மாவுச்சத்துதான். கடைக்காரர்கள் வைத்தியம் பார்ப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கசந்த மாவைக் கீழே கொட்டிவிடலாம். இதை என்ன செய்வது?

கொண்டலாம்பட்டி ரவுண்டானா:
அம்மா, உங்கள் மாமியார் நலமடைய வேண்டும். அப்படிச் சொன்னது தவறு, அதில் இரண்டு பேச்சு இல்லை. நான் பேசுவது அந்தக் கடையைப் பற்றி அல்ல.

கணக்குப்பிள்ளை:
எந்தக் கடையாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. "இயற்கை" என்று ஒரு பலகையை மாட்டிவிட்டால் அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று இவர்கள் நினைக்கிறார்கள். சான்று எங்கே என்று கேட்டால், "விவசாயியை எனக்குத் தெரியும்" என்பார்கள். அங்கக உணவுக்கான, அதாவது ஆர்கானிக் உணவுக்கான விதிகள் 2017-லேயே வந்துவிட்டன. இயற்கை விளைபொருள் என்று பொட்டலத்தில் போட்டு விற்றால் அங்ககச் சான்றும் அதற்கான அரசு முத்திரையும் வேண்டும். சிறு விவசாயி தன் விளைச்சலைத் தானே நேராக விற்றால் அவருக்குச் சலுகை உண்டு. வாங்கி விற்கும் கடைக்காரர் அந்தக் குடைக்குள் நுழைய முடியாது.

சேர்வராயன் மிளகு:
நான் ஏற்காட்டில் சிறு விவசாயி. காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. என்னிடம் சான்று கிடையாது. தனி ஆளாகச் சான்று வாங்கும் செலவு என் மிளகுக்குக் கட்டாது. அக்கம்பக்கத்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்து வாங்கும் பிஜிஎஸ் முறைக்குக் குழு வேண்டும். எங்கள் பக்கத்தில் ஐந்து பேரை ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காரவைப்பது கரடி பிடிப்பதைவிடக் கடினம்.

ஆனால் கணக்குப்பிள்ளை கேட்கும் கேள்வி சரியானது. சேலத்திலிருந்து மேலே ஏறி வந்து மிளகு வாங்கும் கடைக்காரர்களில் ஒருவர்தான் கொடியடியில் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார், என்ன தெளிக்கிறாய் என்று கேட்டார். மற்றவர்கள் எடை போட்டார்கள், பணம் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். கீழே கடையில் போய்ப் பார்த்தால் எல்லோருடைய கண்ணாடி ஜாடியிலும் "ஏற்காடு இயற்கை மிளகு" என்றே எழுதியிருக்கிறது. என்னிடம் கேட்காததை அவர்கள் உங்களுக்கு எப்படிச் சொல்வார்கள்?

மரச்செக்கு:
மலைக்காரர் சொல்வது எனக்கும் சுடுகிறது. ஆனாலும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். வாழப்பாடி, தம்மம்பட்டிப் பக்கம் நான் வாங்கும் விவசாயிகளின் ஊர்ப் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் போய்ப் பார்க்கலாம். இதுவரை ஒருவரும் போனதில்லை. "அண்ணா, ஆன்லைனில் இருபது ரூபாய் குறைவு" என்றுதான் கேட்கிறார்கள்.

மாம்பழக்காரி:
போக எங்களுக்கு நேரமில்லை என்பதால்தானே உங்களிடம் கூடுதல் விலை கொடுக்கிறோம்? அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் காலையில் விலைப்பலகை தொங்குகிறது, விவசாயி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கத்தரிக்காயில் புழு இருந்தால் "ஒன்று சேர்த்துப் போடுகிறேன் கண்ணு" என்று அந்த அம்மாவே எடுத்துப் போடுகிறார். அவருக்கு யாரும் வாடிக்கையாளர் சேவை என்று வகுப்பெடுக்கவில்லை. அரைத்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும் என்று மரச்செக்கு சொல்லட்டும்.

கொண்டலாம்பட்டி ரவுண்டானா:
தேதி விஷயத்தில் நான் வாதாடவில்லை. நாளைக்குப் போகும்போது நானே அவரிடம் சொல்கிறேன். ஆனால் நாக்கைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடையில் வாங்கிய மாவையும் கையோடு அரைத்த மாவையும் வித்தியாசம் தெரியாமல் தின்னும் தலைமுறை இது.

மாம்பழக்காரி:
வித்தியாசம் தெரிந்ததால்தான் ஐயா திருப்பிக் கொண்டுபோனேன்.

மரச்செக்கு:
ஸ்டிக்கருக்குப் பைசாக் கணக்குதான், ஒட்டலாம். என்னைக் கேட்டால் கம்பு மாவு விற்பதையே நிறுத்திவிடலாம். கம்பாக வாங்குங்கள், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கொலுசு:
எங்கள் தெரு மில்லில் மிளகாய் அரைத்த கையோடு கம்பை அரைத்துத் தருகிறார்கள். முதலில் அரிசி கொஞ்சம் போட்டு ஓட்டிவிட்டு அரைக்கச் சொன்னால், அந்த அரிசிக்கும் சேர்த்துக் கூலி கேட்கிறார். அதற்கு ஒரு தனி விவாதம் தொடங்குங்கள்.