நான்கு ஆண்டுகளாகத் தினமும் எழுதிய தோழி மூன்று வாரங்களாக மௌனம்: தேடுவதா, காத்திருப்பதா?

மாலைநிழல் கேட்டது:

எங்கள் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம்; ஒருவரையொருவர் நேரில் கண்டவர்கள் எவரும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தையல் தொடர்பான ஒரு சந்தேகத்தைக் கேட்கப் போன இடத்தில் அறிமுகமானோம். தையல் பேச்சு ஆறு மாதத்தில் தீர்ந்துவிட்டது, நாங்கள் தீரவில்லை. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருடைய மகன் தேர்வுக்குப் படிக்காமல் படுத்துகிறான், யாருக்கு அலுவலகத்தில் மனம் நொந்தது என்பதெல்லாம் அன்றன்றே மற்ற ஆறு பேருக்கும் தெரிந்துவிடும்.

எங்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். பொழுது விடிவதற்கு முன்பே "எழுந்தாயிற்றா?" என்று எழுதுபவர் அவர்தான். என் தந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவில், மருத்துவமனை நடைக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த என்னோடு, எதையும் பெரிதாகச் சொல்லாமல், தான் அன்று பிரித்துத் தைத்த ஒரு பழைய சட்டையைப் பற்றியே விடியும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டைக்கு எத்தனை பொத்தான்கள் என்பதுகூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மூன்று வாரங்களாக அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியாக எழுதியது ஊசி முறிந்துவிட்டது என்பதுதான். அதில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. நான் அனுப்பும் செய்திகள் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. அப்போதுதான் ஒன்றை உணர்ந்தேன். அவருக்கு எந்தக் காலில் மூட்டுவலி என்பது எனக்குத் தெரியும். அவருடைய முழுப்பெயர் தெரியாது, வீட்டு முகவரி தெரியாது.

குழுவில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. அவர் எப்போதோ அனுப்பிய மாடிப் படத்தையும் பேசும் எண்ணையும் பொதுவெளியில் போட்டுத் தேடலாம் என்கிறார் ஒருவர். வர விரும்பினால் அவரே வருவார், விட்டுவிடுங்கள் என்கிறார் மற்றொருவர். முகம்கூடத் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு கலங்குவதா என்று என் கணவர் கேட்கிறார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறார். என்னாலும் விளக்க முடியவில்லை. இப்படி ஒரு நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கரையோரம் எழுதியது:

முதலில் அந்த ஒற்றை டிக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இரவுகளில் மனம் அதையே பிடித்துக்கொண்டு கதை கட்டும். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் செய்தி இங்கிருந்து புறப்பட்டது, அங்கே போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே பொருள். கைபேசி பழுதாகியிருக்கலாம், தொலைந்திருக்கலாம், அவர் எண்ணை மாற்றியிருக்கலாம், இணையத்தை நிறுத்தி வைத்திருக்கலாம், உங்களைத் தடை செய்தும் இருக்கலாம். இந்த ஐந்தும் உங்கள் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். எனவே அதை வைத்து நல்லதையோ கெட்டதையோ முடிவு கட்டாதீர்கள். 120 நாள்கள் பயன்படுத்தப்படாத கணக்கைப் பொதுவாக அந்நிறுவனமே நீக்கிவிடும் என்பதால், ஒருநாள் அவர் பெயர் குழுவிலிருந்து தானாகவே மறைந்தாலும், அவர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம்.

பொதுவெளியில் படத்தையும் எண்ணையும் போடுவதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். அவர் ஏன் மௌனமானார் என்பது உங்களுக்குத் தெரியாது. வீட்டில் ஒருவருடைய கண்காணிப்பிலிருந்து விலகி நிற்பதற்காகவே எண்ணை மாற்றிய பெண்கள் உண்டு. மாடியின் கம்பி வடிவத்தையும் எதிர்வீட்டுச் சுவரையும் வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அன்போடு போடும் படம், அவர் யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறாரோ அவர் கையில் போய்ச் சேரலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றியோ, தன்னை யாரோ அடிப்பதைப் பற்றியோ அவர் எப்போதாவது எழுதியிருந்தால், கையில் இருக்கும் எண்ணையும் விவரங்களையும் காவல் துறையின் அவசர உதவியிடம் இன்றே கொடுங்கள். அவர்களால் ஓர் எண்ணைக் கொண்டு தேட முடியும். நம்மால் முடியாது, நாம் முயலவும் கூடாது. கடைசி இரண்டு மாத உரையாடலை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டு இதை முடிவு செய்யுங்கள்.

வெண்தாள் எழுதியது:

நான் உங்கள் அக்காவின் இடத்தில் இருந்தவள். பதினோரு வாரங்கள் எவருக்கும் எழுதாமல் இருந்தேன்.

பெரிய துயரம் எதுவும் நேரவில்லை என்பதுதான் சொல்ல வெட்கமாக இருக்கும் பகுதி. வேலை போயிற்று. குழுவில் எல்லோருக்கும் தைரியம் சொல்பவள் நான். அந்த இடத்திலிருந்து இறங்கி வந்து "எனக்கு முடியவில்லை" என்று எழுத விரல் வரவில்லை. நாளை எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் செய்திகள் நாற்பதைத் தாண்டியிருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு விசாரிப்பும் அடைக்க முடியாத கடனின் வட்டியைப் போல ஏறிக்கொண்டே போயிற்று. "எங்களை மறந்துவிட்டாயா?" என்று ஒருவர் எழுதினார். "ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரமா?" என்று இன்னொருவர் எழுதினார். இரண்டும் அன்பில் எழுதப்பட்டவைதாம். இரண்டையும் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரே ஒரு தோழி மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எதையாவது அனுப்புவாள். அவள் வீட்டுச் சன்னலில் வந்து உட்காரும் அணிலின் படமாக இருக்கும், அல்லது தொடங்கி முடிக்காமல் போட்ட ஒரு பின்னலைப் பற்றிய இரண்டு வரியாக இருக்கும். ஒரு கேள்விகூட இருக்காது. பதினோராவது வாரம் அணில் குட்டி போட்டிருந்தது. எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றாள். நான் எங்கே போயிருந்தேன் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து நானாகவே சொன்னேன்.

நடுப்பாலம் எழுதியது:

நான் மனநல ஆலோசனைத் துறையில் பணிபுரிபவன். மேலே வெண்தாள் அவர்கள் சொன்ன அணில், நான் நினைத்து நினைத்து வியக்கும் ஓர் ஆய்வை நினைவூட்டிவிட்டது.

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜெரோம் மாட்டோ, கடும் மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வீடு திரும்பியவர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர்களில் 843 பேர் தொடர் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்தவர்கள், அதாவது உதவியின் கதவைத் தாங்களே சாத்திக்கொண்டவர்கள். அவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்தாண்டுகள் சிறு சிறு கடிதங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் அறிவுரையோ, சிகிச்சைக்கு வாருங்கள் என்ற அழைப்போ, நிரப்பி அனுப்ப வேண்டிய படிவமோ இல்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் மகிழ்வோம் என்ற அளவில் ஓரிரு வரிகள், அவ்வளவுதான். 2001-இல் வெளியான முடிவின்படி, கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில். பிற்பாடு அந்த வேறுபாடு மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடிதம் மந்திரக்கோல் அன்று.

உங்கள் அக்கா அத்தகைய நிலையில் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படித்துவிடாதீர்கள். அந்தக் கடிதங்களின் தன்மையைத்தான் சுட்டுகிறேன். அவை பெறுபவரிடம் எதையும் கேட்கவில்லை. நாம் கவலையில் எழுதும் செய்திகளோ, நம் கவலையைத் தீர்த்துவைக்கும்படி அவரைக் கேட்கின்றன. "நலமா? எங்கே? ஏன்?" என்ற மூன்றுக்கும் விடை எழுத ஒருவருக்கு அரை மணி நேரமும் நிறைய மனத்தெம்பும் வேண்டும்.

தொந்தரவாகிவிடுமோ என்று தயங்குவோருக்காக இன்னொன்று. நெடுநாள் தொடர்பில்லாத ஒருவரிடமிருந்து வரும் சிறு விசாரிப்பை, அனுப்புபவர் எதிர்பார்ப்பதைக் காட்டிலும் பெறுபவர் கூடுதலாகவே மதிக்கிறார் என்று 2022-இல் வெளிவந்த ஆய்வுத் தொடர் ஒன்று காட்டியது. எதிர்பாராத நேரத்தில் வருவதுதான் அந்த மதிப்புக்குப் பெரும் காரணமாம். எனவே விட்டுவிடுங்கள் என்ற உங்கள் தோழியின் யோசனையும் முழுமையாகச் சரியன்று.

ஒற்றையடி எழுதியது:

எல்லோரும் இதமாகவே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கசப்பை நான் கலக்கிறேன்.

இணையத்தில் மட்டும் பழகுபவர்களிடையே நெருக்கம் சில வேளைகளில் நேர்ப்பழக்கத்தைவிட வேகமாக வளர்கிறது என்று ஜோசப் வால்தர் என்ற ஆய்வாளர் 1996-இலேயே எழுதினார். எழுதுபவர் தம்மைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார், படிப்பவர் மீதி இடங்களைத் தம் விருப்பம்போல் நல்லவற்றால் நிரப்பிக்கொள்கிறார் என்பது அவர் தரும் விளக்கம். உங்கள் அக்கா என்பவரில் எவ்வளவு அவர், எவ்வளவு நீங்கள் நிரப்பியது என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கு அலுத்துப்போயிருக்கலாம். ஆறு பேருடைய தினசரித் துன்பங்களையும் நான்கு ஆண்டுகள் கேட்டவர், ஒரு காலை எழுந்து, இன்று எழுத வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அவர் மூட்டுவலியைப் பற்றி உங்களில் யாராவது கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

முகம் காணா நட்பு என்றதும் யாராவது பிசிராந்தையாரை இழுத்து வருவார்கள், எனவே நானே இழுத்துவிடுகிறேன். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் கண்டிராத அந்த நண்பர் வருவார் என்று சொல்லி இடம் ஒதுக்கச் செய்தான், அவரும் வந்தார் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்தது. ஆனால் அதே பிசிராந்தையாரிடம், இவ்வளவு வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டபோது, அவர் சொன்ன காரணங்களில் தொலைவிலிருந்த அந்த நண்பன் இல்லை. மனைவியும் மக்களும் ஏவலரும் தன் நாட்டு அரசனும் ஊரிலுள்ள சான்றோரும்தாம் இருந்தார்கள். அக்காவுக்கும் அப்படிப்பட்டவர்கள் அருகில் இருக்கக்கூடும். நீங்கள் அறியாத அவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும்.

கணவர் கேட்டதற்கு மட்டும் உங்கள் பக்கம் பேசுகிறேன். அறிமுகம் நட்பாகத் தொடங்க ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் கணக்கிட்டார். எழுத்துப் பேச்சை அதே தராசில் நிறுக்கலாமா என்பது வேறு கேள்வி. இருந்தாலும் நாளொன்றுக்கு இருபது நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு ஆண்டுகளில் 480 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

குறுநடை எழுதியது:

மாலைநிழல் அக்கா, நான் வயதில் சிறியவள், அறிவுரை சொல்ல வரவில்லை. எங்கள் குழுவிலும் சென்ற ஆண்டு இப்படி ஒருவர் மறைந்துபோனார். இன்றுவரை விடை இல்லை. அதன் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அருகிலோ உள்ள ஒருவரின் எண்ணைக் குழுவில் தாம் நம்பும் ஒரே ஒருவரிடம் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம். எத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு அந்த எண்ணை அழைக்கலாம் என்பதையும் அவரவரே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பத்து நாள் என்றார், ஒருவர் இரண்டு மாதம் என்றார். கொடுக்க விருப்பமில்லை என்றும் ஒருவர் சொன்னார், அதையும் ஏற்றுக்கொண்டோம்.

கூகுள் கணக்கிலும் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் குறிப்பிட்ட சில மாதங்கள் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை என்றால், நாம் முன்பே பதிந்து வைத்தவர்களுக்கு அதுவே தகவல் அனுப்பிவிடும். குறைந்தது மூன்று மாதம் ஆகும் என்பதால் அவசரத்துக்கு உதவாது. எதுவுமே தெரியாமல் போவதைத் தடுக்கும்.

மாலைநிழல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கரையோரம் அவர்கள் சொன்னபடி இரண்டு மாத உரையாடலை நேற்றிரவு உட்கார்ந்து படித்தேன். அச்சப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் ஒற்றையடி அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. மூட்டுவலி அதிகம் என்று அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வரியில் நான் என் மேலாளரைப் பற்றிப் புலம்பத் தொடங்கியிருக்கிறேன். அவர் அதற்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். மூட்டுவலிக்கு எவரும் எழுதவில்லை.

படம் போடும் யோசனையைக் கைவிட்டோம். எண்களைப் பகிரும் ஏற்பாட்டுக்கு ஐந்து பேர் இசைந்துவிட்டார்கள். வாரம் ஒரு முறை, நான் மட்டும், அவருக்கு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கைபேசி வேறு யார் கையிலாவது இருந்தாலும் இடையூறு வராதபடி இவ்வாறு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"அக்கா, அன்று நீங்கள் சொன்னபடி அந்தப் பழைய சட்டையைப் போலவே ஒன்றைப் பிரித்துத் தைத்தேன். கழுத்துப் பட்டி கோணலாக வந்துவிட்டது. உங்கள் காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது? முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள்."

வெண்தாள் எழுதியது:

கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். காலைப் பற்றிக் கேட்க உங்களுக்கு எவ்வளவு மனம் துடிக்கிறது என்பது புரிகிறது, அவர் திரும்பி வந்த பிறகு கேளுங்கள். கோணலான பட்டியின் படத்தை மட்டும் சேர்த்து அனுப்புங்கள். தையல் தெரிந்த எவராலும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.