உவர்மலையிலிருந்து நிலாவெளிக்கு: ஜிம்மியோடு பஸ் ஏறிய அனுபவம்

திருகோணமலையில் நாயை எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் ஓட்டோ பிடி, இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளின் முன்னால் நிறுத்திக்கொண்டு போ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பஸ்ஸிலும் போகலாம். நானும் எங்கள் ஜிம்மியும் போய்வருகிறோம். வழியில் சந்தித்த ஆட்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன், ஏனென்றால் நாயோடு பயணம் சரியாக அமைவதும் குழம்புவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஜிம்மி சாதாரண ஊர்நாய். செம்மண் நிறம், முழங்கால் உயரம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். வீடு உவர்மலையில், அம்மா இருப்பது நிலாவெளியில். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோதுதான் பஸ் பழக்கம் தொடங்கியது. ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபாய். அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டி எண்ணெய் வாங்கும் பங்கீட்டு முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அந்த 5 லீற்றரை வைத்துக்கொண்டு எந்த ஓட்டோக்காரர் ஒரு நாயை நிலாவெளி வரை கொண்டுபோவார்? அதே நேரத்தில் ஜிம்மிக்கு உண்ணிக்காய்ச்சல். மிருக வைத்தியரிடம் திரும்பத் திரும்பக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் ஏறினோம். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் பஸ்ஸை விடவில்லை.

நாயை ஏற்றலாமா கூடாதா என்று நடத்துனரிடம் கேட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் நாயைக்கூடப் பார்க்கமாட்டார். திரும்பி, உள்ளே இருக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். ஒருவர் முகம் சுளித்தாலும் "அடுத்த பஸ்ஸில வாங்கோ" என்று விசில் அடித்துவிடுவார். இதைக் கவனித்த பிறகு நான் நடத்துனரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். பின்கதவுப் பக்கம் நின்று, கடைசி வரிசையில் இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன்: "நாய் ஒண்டு இருக்கு, ஊசி எல்லாம் போட்டிருக்கு, இந்த மூலையில நிக்கலாமே?" அவர்கள் தலையாட்டிவிட்டால் நடத்துனருக்கும் ஆட்சேபம் இல்லை. ஜிம்மிக்கும் ஒரு டிக்கட் காசைச் சேர்த்தே நீட்டிவிடுவேன். சிலர் வாங்குவார்கள், சிலர் திருப்பித் தருவார்கள். வாங்குகிறவரோடு வாக்குவாதம் செய்ததில்லை, ஓர் ஆள் நிற்கும் இடத்தை அவன் எடுத்துக்கொள்கிறான்தானே.

ஒருநாள் காலை நிலாவெளி பஸ். மீன் விற்றுவிட்டு வெறும் பெட்டியோடு சாம்பல்தீவுக்குத் திரும்பும் ஓர் அம்மா கடைசி வரிசையில் இருந்தார். எனக்குப் பயம், ஏனென்றால் அந்தப் பெட்டியில் சூடை மீன் வாசம் இன்னும் போகவில்லை, ஜிம்மியின் மூக்கு ஏற்கெனவே அந்தப் பக்கம். அவருக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் "நாயையெல்லாம் பஸ்ஸில ஏத்துறதே" என்று முணுமுணுத்தார். அம்மா விடவில்லை. "வைரவற்ற வாகனம் தம்பி, வாசல்ல வந்து நிக்குது. ஏத்தாம விடலாமே? நீ கொஞ்சம் தள்ளி இரு" என்றார். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்தை ஜிம்மிக்கு விட்டார். அலஸ்தோட்டம் தாண்டும் வரை தன் வீட்டில் இருந்து செத்துப்போன நாயைப் பற்றியே கதைத்தார். 2004 சுனாமிக்கு அந்த நாய் குரைத்ததில்தான் தான் எழும்பி ஓடியதாகச் சொன்னார். இறங்கும்போது ஜிம்மியின் தலையைத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள், இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. இந்தப் பஸ்ஸில்தான் இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிற முஸ்லிம் ஆட்களும் வருவார்கள். ஒருதரம் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஒரு பெரியவர் ஏறினார். இருக்க இருந்த ஒரே இடம் எங்களுக்கு எதிரில். நான் எழும்பி இறங்கப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இறங்க வேணாம் மகள். ஈரமாப் பட்டாத்தான் எங்களுக்கு ஏழு தரம் கழுவணும், அதில ஒண்டு மண் போட்டு. காஞ்சு கிடந்தாப் பிரச்சின இல்ல. வாயை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் புடிங்க" என்றார். எவ்வளவு தெளிவு! அன்றிலிருந்து இரண்டு விஷயம் செய்கிறேன். ஜிம்மியின் வாயைத் துடைக்க ஒரு துவாய் எப்போதும் பையில் இருக்கும். மழையில் நனைந்தால் பஸ் ஏறுவதில்லை, எவ்வளவு அவசரமானாலும் எங்காவது ஒதுங்கி அவன் காயும் வரை நின்றுவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இது பெரிய கரைச்சல்தான். ஆனால் தொழுகைக்குப் போகிற ஒருவரை வீட்டுக்குத் திரும்பிப்போய்க் குளிக்க வைப்பதைவிட நான் நின்று காய்வது மேல்.

நம்மவர்களுக்கும் இது பொருந்தும். அர்ச்சனைத் தட்டோடு பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போகிற ஒருவரின் புதுச் சேலையில் நாய் உரசினால் அவர் மனமும் நோகும். வைரவர் வாகனம் என்று சொல்லி அவரை மடக்கப் பார்க்கக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை நான் நாயோடு புறப்படுவதே இல்லை. அன்று மத்தியானம் ஜும்மா, காலையும் மாலையும் கோவில், எந்தப் பஸ்ஸிலும் முழுகிச் சுத்தமாக வந்த ஆட்கள்தான். போயா (பௌர்ணமி) தினத்திலும் புறப்படுவதில்லை, அன்று வெள்ளை உடுத்துப் பூத்தட்டோடு விகாரைக்குப் போகிறவர்கள் வருவார்கள். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வேறு காரணம்: மேளமும் வெடியும் கேட்டால் ஜிம்மி நடுங்கத் தொடங்கிவிடுவான், கயிறு கையில் நிற்காது.

என் மனதில் அதிகம் நிற்பது ஒரு சின்னப் பிள்ளையின் முகம். ஏழு, எட்டு வயதிருக்கும், பள்ளிக்கூட உடுப்பு. ஜிம்மியைக் கண்டதும் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தியது. அந்தப் பிள்ளையைத் தெருநாய் ஒன்று கடித்து, ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து ஊசி போட்டிருக்கிறார்கள். தாய் என்னைத் திட்டவில்லை. "உங்கட நாய்க்கு விசர் ஊசி போட்டதோ?" என்று மட்டும் கேட்டார். நான் ஊசி அட்டையை எடுத்துக் காட்டினேன். திகதியைப் படித்துப் பார்த்து, பிள்ளைக்கும் காட்டினார். "பாத்தியே, இவருக்கும் உன்னைப்போல ஊசி போட்டிருக்கு" என்றார். அழுகை உடனே நிற்கவில்லை, ஆனால் பிள்ளை எட்டிப் பார்க்கத் தொடங்கியது. நானும் ஜிம்மியை இருக்கைக்குக் கீழே தள்ளி, என் காலால் மறைத்துக்கொண்டேன். அடுத்த தரிப்பில் இறங்கி வேறு பஸ் எடுத்தேன். பயந்த பிள்ளையைப் பழக்குகிறேன் என்று நாயைப் பக்கத்தில் கொண்டுபோவதைப்போல் கொடுமை வேறில்லை.

அந்த அட்டையை நாயோடு வெளியே போகும் ஒவ்வொருவரும் கொண்டுபோக வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் அநேகமாக மரணம்தான், நாய்க்கும் மனிதருக்கும். ஆனால் வருடத்துக்கு ஒரு ஊசியால் நாயைக் காப்பாற்றலாம், சுகாதாரப் பிரிவினர் ஊருக்கு வந்து இலவசமாகவே போடுகிறார்கள். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. நாயோடு திரிகிறவர்களுக்கே இது தெரியாவிட்டால் மற்றவர்கள் நம்மை எப்படி நம்புவார்கள்?

கந்தளாய்ப் பக்கம் போகும் பஸ் ஒன்றில் நடத்துனர் சிங்களவர். "ஹபனவாத?" என்று கேட்டார், கடிக்குமா என்று. இல்லை என்றேன். குனிந்து ஜிம்மியின் காதைச் சொறிந்துவிட்டு, தம்பலகாமம் சந்தி வரை மூன்று தரம் வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.

சரி, பஸ்ஸுக்குள் எங்கே நிற்பது என்பதையும் சொல்லவேண்டும். முன்பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒதுக்கிய இருக்கைகள். பழைய லேலண்ட் பஸ்களில் சாரதிக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியும் இருக்கும், அந்தச் சூட்டில் நாயின் பாதம் வெந்துவிடும். பின் மூலை குலுக்கும், ஆனால் காற்று வரும், கதவும் கிட்ட. தரை இரும்புத் தகடு, வழுக்கும். ஒரு பழைய சாக்கை மடித்து விரித்தால் நகத்தால் பிடித்துக்கொண்டு நிற்பான். உவர்மலைச் சரிவிலும் உட்துறைமுகத்தைச் சுற்றி வளைந்து போகும் வீதியிலும் பிரேக் அடிக்கும்போது நாய் முன்னால் சறுக்கும், அதனால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அவன் உடம்பை இறுக்கி வைத்துக்கொள்வேன். கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தால் மூச்சு முட்டும், நெஞ்சோடு சுற்றிக் கட்டும் பட்டிதான் நல்லது. வாய்மூடி போடுவதென்றால் கூடை மாதிரியானதைப் போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம், நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் தன் சூட்டைத் தணிக்கிறது. புறப்படுவதற்கு முன் சோறு வைக்காதீர்கள், தண்ணீர் மட்டும்.

பஸ் நிலையம்தான் எனக்குப் பஸ்ஸைவிடக் கஷ்டம். மீன் சந்தைப் பக்கத்து நாய்க்கூட்டம் புது நாயைக் கண்டால் சும்மா விடாது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, ஜிம்மியை என் சுவர்ப்பக்கம் வைத்து, நிற்காமல் நடந்துவிடுவேன். குனிந்து கல் எடுக்கமாட்டேன். எடுத்தால் சண்டை நிச்சயம். அதற்கு மேல் நம் ஊர் மான்கள்! பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் புள்ளிமான்கள் கடற்கரைப் பக்கமும் வந்து மரக்கறிக் கழிவு தின்றுகொண்டு நிற்கும். வேறு எந்த ஊரில் பஸ்ஸுக்குப் போகிற நாய் மானைப் பார்க்கிறது? ஜிம்மி அப்படியே சிலையாகி நின்று, பிறகு ஒரே இழுவை. மான் பயந்து வீதிக்கு ஓடினால் வாகனத்தில் அடிபடும். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். கோணேசர் கோவிலுக்கு ஏறும் கோட்டைப் பாதைக்கு நாயைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கருத்து. அது மான்களின் இடம்.

சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், அல்லது வெயில் சாய்ந்த பிறகு. பஸ்ஸைவிட்டு இறங்கி உவர்மலை ஏற்றம் ஏறுவதுதான் முழுப் பயணத்திலும் நாயை வருத்துவது. புறங்கையைத் தாரில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் நாயாலும் நடக்க முடியாது. நான் ஏற்றத்தின் அடியில் ஒரு கடை விறாந்தையில் நின்று தண்ணீர் கொடுத்து, நிழல் விழும் பக்கமாகப் பாதி தூரம், பிறகு ஓய்வு என்றுதான் ஏற்றுவேன். அந்தக் கடைக்கார ஐயா இப்போது எங்களைக் கண்டதும் சிரட்டையில் தண்ணீர் ஊற்றிவிடுகிறார். நாங்கள் கேட்டதில்லை.

மறுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பஸ்ஸில் ஏறி இடமும் பிடித்த பிறகு, பாதி வழியில், ஆளில்லாத இடத்தில் இறக்கிவிட்டார்கள். யாரோ பின்னால் ஏறியவர் சத்தம் போட்டார், அவ்வளவுதான். ஜிம்மிக்கு அப்போது காய்ச்சல் விடவில்லை. ஏற்ற விருப்பமில்லாவிட்டால் ஏறும்போதே சொல்லவேண்டும், ஏற்றிய பிறகு நோயாளி மிருகத்தை நடுவழியில் விடுவது நியாயமில்லை. அன்று எங்களைக் கண்டு நிறுத்தியது ஒரு ஓட்டோ. "தங்கச்சி, பின்னால ஏறுங்கோ, சீற்றில சாக்கைப் போடுங்கோ" என்றவர், நான் நீட்டிய காசில் பாதியைத் திருப்பித் தந்தார்.

மூதூருக்குப் போன யாராவது இருந்தால் சொல்லுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, பாதை என்னும் மிதவைப் படகில் ஏறிக் கடக்கும் தேவை அங்கே இல்லை, பஸ் நேரே போகிறது. பெரியம்மா வீடு மூதூரில், ஜிம்மியையும் கூட்டிப்போக ஆசை. அந்தப் பஸ்ஸில் எந்த நேரம் கூட்டம் குறைவு, வழியில் இறங்கித் தண்ணீர் கொடுக்க நிழலான இடம் எது என்று தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.