புதுப்பிப்பு: பழைய அறுவடை இயந்திரம் வாங்கியாயிற்று

கிளிநொச்சியிலுள்ள எங்கள் ஆறு ஏக்கர் வயலுக்கு, குறைந்த மணித்தியாலம் ஓடிய சில்லு இயந்திரமா, 2,100 மணித்தியாலம் ஓடிய இறப்பர் சங்கிலி இயந்திரமா என்று சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரண்டாவதையே வாங்கினோம்.

முடிவைத் தீர்மானித்தது, “மணிக் கணக்கை நம்பாதீர்கள், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள்” என்று ஓர் அண்ணர் எழுதிய ஆலோசனைதான். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திச் சென்றபோது, சில்லு இயந்திரத்தின் என்ஜின் மூடி தொட முடியாத அளவுக்குச் சுட்டது; குளிரில் இயங்கச் சிரமப்படுவதை மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம் என்று சந்தேகித்தோம். கதிரடிக்கும் உருளையின் பற்களோ, மீட்டர் காட்டிய 900 மணித்தியாலத்துக்குப் பொருந்தாத வகையில் முனை மழுங்கி வட்டமாகியிருந்தன. மற்றையதன் சங்கிலியில் இரண்டு வெடிப்புகள் இருந்தபோதிலும், குளிர்ந்த நிலையிலேயே முதல் திருப்பில் இயங்கியது. அந்த வெடிப்புகளைக் காட்டியே விலையையும் குறைத்தோம்.

காலபோக (மாரிமழைப் பருவ நெற்செய்கை) அறுவடையில் ஈரம் காயாத பள்ளக் காணியிலும் அது புதையவில்லை. எதிர்பாராதது ஒன்று: சிறுமணி நெல்லான எங்கள் கீரிச் சம்பாவின் முதல் இரண்டு மூட்டைகளில் நீள நெல் கலந்து வந்தது. முன்னைய உரிமையாளரின் நெல் தொட்டியின் அடியிலும் நெல்லை மேலேற்றும் தூக்கிக் குழாயிலும் தங்கியிருந்திருக்கிறது. விதைநெல் எடுப்பவர்கள் அடிமூடிகளைத் திறந்து, வெறுமையாக ஓடவிட்டுத் துப்புரவாக்கிய பின்னரே வயலில் இறக்குங்கள்.